‘பிறகு பார்க்கலாம்’ என்று வைத்திருந்த படங்கள்

பார்க்க வேண்டும் என்று பெயரைக் குறித்து வைத்து, பார்க்காமலேயே ஆண்டுகள் ஓடிவிடும் படங்கள் எல்லாரிடமும் சில இருக்கும். என் பட்டியலில் பாதிக்கு மேல் மலேசியப் படங்கள்தான். சென்னையிலிருந்து பெரிய நடிகர் படம் வந்தால் ஜொகூர் பாருவில் முதல் நாளே டிக்கெட் எடுக்க ஓடுகிறோம். உள்ளூர்ப் படம் என்றால், “பிறகு பார்க்கலாம்” என்பதுதான் நம்மிடையே வழக்கமான பதில். இந்த விடுமுறையில் அந்தப் பட்டியலை ஒரு வழியாக்கினேன். மனத்தில் தங்கிய மூன்று படங்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் நம் மாநிலத்துக்காரர் ஒருவர். மூவார் என்றதும் நமக்கு மீ பண்டோங் நினைவுக்கு வரும், கொஞ்சம் யோசித்தால் மரச்சாமான் தொழிற்சாலைகள். இயக்குநர் யாஸ்மின் அகமட் பிறந்ததும் மூவார்தான், அங்குள்ள புக்கிட் திரே கிராமத்தில், 1958இல். விளம்பரத் துறையில் வேலை செய்தவர். பெருநாள் காலத்தில் வெளிவந்த பெட்ரோனாஸ் விளம்பரங்களை இன்றும் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள். அவற்றை எடுத்தவர் இவர். 2009 மார்ச்சில் ‘டேலன்டைம்’ வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில் அவர் காலமானார். அதுவே அவருடைய கடைசி முழுநீளப் படமாகிவிட்டது.

‘டேலன்டைம்’ ஓர் இடைநிலைப்பள்ளிப் பாட்டுப் போட்டியின் கதை. பியானோ வாசித்துப் பாடும் மெலூரை ஒத்திகைக்கு மோட்டார் சைக்கிளில் அழைத்துப் போகும் வேலை மகேஷுக்கு. அவன் தமிழ்ப் பையன், காது கேளாதவன். அது தெரியாத மெலூர், இவன் ஏன் வாயே திறப்பதில்லை என்று எரிச்சலடைகிறாள். பாட்டுப் போட்டியைப் பற்றிய படத்தில் கதாநாயகனுக்குப் பாட்டே கேட்காது! இதை நினைத்துப் பார்த்தாலே படத்தின் பாதி புரிந்துவிடும்.

மகேஷின் வீட்டுக் காட்சிகள்தான் என்னை அதிகம் பாதித்தன. நம் சினிமாவில் வரும் அலங்கார வீடு அல்ல அது. அம்மா பேசும் தமிழ் நம் வீட்டுத் தமிழ்தான். அவருடைய தம்பி, அதாவது மகேஷின் தாய்மாமன், திருமண நாளன்றே அண்டை வீட்டாருடன் மூண்ட தகராறில் உயிரிழக்கிறார். அந்த வீட்டில் அன்று சாவு, இந்த வீட்டில் கல்யாணம். அண்டை வீட்டார் முஸ்லிம்கள், மெலூரும் முஸ்லிம் பெண். அதற்குப் பிறகு அந்த அம்மா மகனின் காதலை ஏற்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது? வேறு படமாக இருந்தால் அவரை வில்லியாக்கியிருப்பார்கள். இங்கே அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கும்போது யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு கிளைக்கதை தேர்வு எழுதும் யாருக்கும் சுருக்கென்று தைக்கும். எப்போதும் முதல் மாணவனாக வந்த காஹோவை, புதிதாக வந்த ஹஃபிஸ் மதிப்பெண்ணில் முந்திவிடுகிறான். அவன் பார்த்து எழுதினான் என்று காஹோ சந்தேகப்படுகிறான். கடைசியில் தாயைப் பறிகொடுத்த ஹஃபிஸ் கிட்டாருடன் மேடையில் தனியாகப் பாடும்போது, காஹோ தன் எர்ஹு வாத்தியத்தோடு வந்து பக்கத்தில் அமர்ந்து வாசிக்கத் தொடங்குகிறான். முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்காதீர்கள். தெரிந்தே பார்த்தாலும் கண் கலங்கும். குறையே இல்லாத படம் என்று சொல்லமாட்டேன். கதைமாந்தர்கள் அதிகம், சில நகைச்சுவைக் காட்சிகள் கொஞ்சம் இழுக்கின்றன.

அடுத்தது சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’. 2015 டிசம்பரில் திரையரங்குக்கு வந்த மலேசியத் தமிழ்ப் படம். ‘ஜஹாட்’ என்ற மலாய்ச் சொல் நம் வாயில் பட்டு ‘ஜகாட்’ ஆகியிருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பட்டணத்து ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்த 1990களின் தொடக்கம் கதைக்களம். அப்போய் பன்னிரண்டு வயதுப் பையன், கற்பனை வளம் உள்ளவன், குறும்புக்காரன். நன்றாகப் படித்து முன்னேற வேண்டும் என்று அப்பா பிரம்பும் கையுமாக நிற்கிறார். ஒரு சித்தப்பா குண்டர் கும்பலில் இருக்கிறார், இன்னொருவர் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர். கெட்டிக்காரப் பையன் ஒருவன் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவிப் போகிறான் என்பதைப் படம் பதற்றமில்லாமல் காட்டுகிறது. கூலாய், ஸ்கூடாய் பக்கம் இன்று தாமான்களாக இருக்கும் இடங்களில் பலவும் ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்தவைதாம். அங்கிருந்து கிளம்பிய குடும்பங்களின் கதை நமக்கு அந்நியம் அல்ல.

2016 ஜூலையில் ‘கபாலி’ வந்தபோது நாடே திரையரங்கில் இருந்தது. அதுவும் மலேசிய இந்தியர்களையும் குண்டர் கும்பலையும் பற்றிய படம்தான். கோட்டுப் போட்டு நடந்து வரும் ரஜினிக்கு நானும் விசில் அடித்தவள். ஆனால் ‘ஜகாட்’டில் யாரும் கோட்டுப் போட்டு நடப்பதில்லை. குண்டர் வாழ்க்கையில் கவர்ச்சி எது, அதற்குக் கொடுக்கும் விலை எது என்பது அப்போயின் கண் வழியாகவே தெரிகிறது.

அதே 2016இல் இந்தப் படத்தை ஒட்டி ஒரு விவாதமும் எழுந்தது. 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், வசனத்தில் பெரும்பகுதி மலாயாக இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் வைக்க முதலில் முடிவு செய்தார்கள். சிறந்த படம் என்ற முதன்மை விருதுக்கு அவை போட்டியிட முடியாது என்ற நிலை. இங்கே பிறந்தவர்கள், இங்கேயே எடுத்த படம் தமிழ் பேசினால் மலேசியப் படம் ஆகாதா? கலைஞர்கள் பலர் எதிர்த்தார்கள். மூத்த ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தாம் பெற்ற விருதுக் கோப்பைகளையே திருப்பிக் கொடுத்தார். பிறகு விதி மாறியது. செப்டம்பரில் நடந்த விழாவில் சிறந்த மலேசியப் படமாக அறிவிக்கப்பட்டது ‘ஜகாட்’. தமிழ்ப் படத்துக்காக ஒரு மலாய்க் கலைஞர் தம் விருதுகளைத் துறந்தார் என்பதைப் பள்ளியில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மூன்றாவது, தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’, 2005இல் வந்தது. 1960களின் ரப்பர் தோட்டத்தில் பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் சாந்தா என்ற பெண்ணின் கதை. குறைந்த செலவில் எடுத்த படம், நிதானமாக நகரும். கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் பத்தாவது நிமிடத்திலேயே கை அதைத் தேடும். அதனால் அதை வேறு அறையில் வைத்துவிட்டு, முடிந்தால் பாட்டியையும் கூட உட்கார வைத்துப் பாருங்கள். ஒரு பெண் பிள்ளை மேலே படிப்பதற்கு வீட்டில் எத்தனை பேர் எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதைப் படம் சொல்லாமல் விட்ட இடங்களில் பாட்டி சொல்வார். இணையத்தில் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் மாணவிகளுக்கு இந்தப் படத்தைத் தனியாகவே பரிந்துரைப்பேன்.

என் பட்டியலில் இன்னும் இரண்டு படங்கள் பாக்கி. ஒன்று யாஸ்மினின் ‘முக்சின்’. மற்றொன்று 1950இல் வந்த ‘பக்தி’ என்ற மலாய்ப் படம். பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த அந்தப் படத்தை இயக்கியவர், சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். நல்ல பிரதி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.