கடலோரப் பொதுவெளியும் கொல்ப் யாத்திரையும்

யாத்திரை என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் தமிழர் நெஞ்சிற் கதிர்காமமும் காசியும் இராமேசுவரமும் தோன்றுதல் இயல்பு. செல்லும் இடத்தின் வரலாற்றை அறிந்து, காலமறிந்து, துணையறிந்து, அவ்விடத்து ஒழுக்கத்திற்கு அமைந்து செல்வதே யாத்திரையின் இலக்கணம். இவ்விலக்கணம் சமயத் தலங்கட்கு மட்டும் உரியதன்று. கொல்ப் எனப்படும் பந்தாட்டத்தில் ஈடுபாடுடையோர் ஆண்டுதோறும் உலகின் பல பாகங்களிலிருந்தும் ஸ்கொத்லாந்தின் கடற்கரையை நாடிச் செல்கின்றனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நண்பர் சிலரும், இலண்டனிலும் தொரன்ரோவிலும் குடியேறிய பழைய மாணவர் சிலரும் ஒருங்கு கூடி அத்தகைய பயணமொன்றை மேற்கொள்ளக் கருதின், அதனை எவ்வாறு வகுத்தல் வேண்டும் என்பது ஈண்டு ஆராயப்படும்.

கொல்ப் என்பது செல்வர் விளையாட்டு, வேலியிட்ட கழகத்தினுள் நிகழ்வது என்பதே இந்நாட்டிற் பலர் கொண்டுள்ள எண்ணம். அவ்வெண்ணத்திற்குக் காரணம் உண்டு. 1879 ஆம் ஆண்டில் கொழும்பில் தோன்றிய கொல்ப் கழகம் முதலிற் காலிமுகத் திடலில் ஆடியது. கடலோரமாய், காற்று ஓயாது வீசும் அத்திடல், ஸ்கொத்லாந்தின் ஆட்டவெளிகளை ஓரளவு ஒத்திருந்தது. 1896 இல் கழகம் பொரளைப் பகுதியிலுள்ள றிட்ஜ்வே வெளிக்கு இடம்பெயர்ந்தது. 1928 இல் அதற்கு அரச கழகம் என்னும் பட்டம் கிடைத்தது. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதம் இன்றும் அவ்வெளியினூடாகவே செல்கின்றது. மலைநாட்டில் நுவரெலியாக் கழகம் 1889 இல் நிறுவப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இத்தகைய கழகங்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்க்கே உரியனவாயிருந்தன. ஆதலின் கோலும் பந்தும் கடல் கடந்து இங்கு வந்தனவேயன்றி, அவ்விளையாட்டைப் பெற்றெடுத்த பொதுநிலவுரிமை உடன் வரவில்லை. அவ்வுரிமை என்னவென்று அறியாது செல்பவன் ஸ்கொத்லாந்திற் பணத்தைச் செலவிட்டு மீள்வான். அறிந்து செல்பவனோ அந்நிலத்தைக் கண்டு மீள்வான்.

முதற்கண் அந்நிலத்தின் இயல்பை நோக்குக. பயிர்செய் நிலத்திற்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான மேட்டு நிலத்தை ஸ்கொத்லாந்து மக்கள் லிங்ஸ் என வழங்குவர். தமிழர் திணைப்பகுப்பின்படி அது நெய்தலின்பாற்படும். வடமராட்சியில் வல்லிபுரத்தையும் மணற்காட்டையும் கண்டோர்க்கு இந்நிலத்தை விளக்குதல் எளிது. அங்கே அடம்பன் கொடி மணலைப் பற்றி நிறுத்துவது போல, ஸ்கொத்லாந்திலே நீண்ட வேருடைய மணற்புல் மேடுகளைக் காத்து நிற்கின்றது. அம்மேடுகளுக்கு உட்புறமாக மெல்லிய புல் குட்டையாய் வளரும். மழைநீர் மணலில் விரைந்து சுவறுதலால் தரை எக்காலமும் உறுதியாயிருக்கும். உழவுக்கு உதவாத அந்நிலத்தில் ஆடுகள் மேய்ந்தன. முயல்கள் வளை தோண்டின. பெண்கள் துணி உலர்த்தினர். இளைஞர் வில் பயின்றனர், பந்தடித்தனர். காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் படுத்துத் தேய்த்த குழிகளே பின்னர் ஆட்டத்தின் மணற்பள்ளங்களாயின என்று கூறுவர். இவ்வாட்டவெளிகளுட் பழையன ஒருவர் வரைந்து அமைத்தவையல்ல. நிலமும் காற்றும் கால்நடையும் மக்களும் நெடுங்காலம் சேர்ந்து ஆக்கியவை.

அந்நிலத்தின் வரலாறும் சுவையுடையது. 1457 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் கொல்ப்பையும் உதைபந்தாட்டத்தையும் தடைசெய்தது. வில்வித்தையைக் கைவிட்டு இளைஞர் பந்தின் பின்னே ஓடினர் என்பதே அதற்குக் காரணம். தடை 1471 இலும் 1491 இலும் மீண்டும் விதிக்கப்பட்டமை, மக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை என்பதைக் காட்டும். 1552 இல் சென்ற் அன்றூஸ் நகரத்துப் பேராயர் ஜோன் ஹமில்ற்றன் ஒரு சாசனம் எழுதுவித்தார். அதன்படி முயல் வளர்க்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. லிங்ஸ் நிலத்தில் ஆடவும் கால்நடை மேய்க்கவும் நகரமக்களுக்கு இருந்த உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது.

அவ்வுரிமைக்கும் இடையூறு வந்தது. நகரசபை கடனில் மூழ்க, 1797 இல் நிலம் கைமாறத் தொடங்கியது. முயல் வளர்ப்போர் கையில் அது சென்றபின், வளைகளால் ஆட்டவெளி சிதைந்தது. முயலோம்புவார்க்கும் பந்தாடுவார்க்குமிடையே வழக்கு நீண்டது. 1821 இல் ஜேம்ஸ் சீப் என்பார் நிலத்தை விலைக்கு வாங்கி, ஆட்டவெளியைக் காப்பாற்றினார். 1894 இற் பாராளுமன்றச் சட்டமொன்றினால் அது நகரத்தின் பொறுப்பில் வந்தது. 1974 முதல் அறக்கட்டளையொன்று அதனைப் பரிபாலித்து வருகின்றது. றோயல் அன்ட் ஏன்சியன்ற் என்னும் புகழ்பெற்ற கழகம் 1754 இல் தொடங்கிய சங்கத்தின் வழிவந்தது. கழகத்தின் கட்டடம் முதலாங் குழியை நோக்கி நிற்பினும், ஆட்டவெளி கழகத்தின் சொத்தன்று, அது பொதுவுடைமை. இவ்வுண்மையே பயணத்தை வகுப்போர் முதலில் மனத்திற் கொள்ளத்தக்கது.

இனிப் பயணத்தை வகுக்கும் முறையைக் காண்போம். முதலாவது துணை. இவ்வாட்டத்தில் ஒரு தொகுதியில் நால்வருக்கு மேல் ஆடுதல் வழக்கமன்று. ஆகவே குழு எண்மராகவோ பன்னிருவராகவோ அமைதல் நன்று. ஆடுவோன் திறனைக் குறிக்கும் ஹன்டிகப் சான்றிதழைப் பல வெளிகளில் முன்கூட்டியே கேட்பர். அதனை ஒவ்வொருவரும் தத்தம் கழகத்திலிருந்து பெற்று வைத்தல் வேண்டும். குழுவில் திறன் மிக்கோரும் குறைந்தோரும் ஆடாதோரும் இருத்தல் கூடும், பொருள்வளமும் ஒருதன்மையதன்று. வல்லவன் ஒருவன் விருப்பப்படி வகுக்கப்பட்ட பயணத்தில் ஏனையோர் மூன்றாம் நாளே சோர்வர். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழி யாழ்ப்பாணத்தார் நன்கறிந்தது. குழுப்பயணத்திற்கு அதனினும் பொருத்தமான அறிவுரை வேறில்லை.

இரண்டாவது காலம். சென்ற் அன்றூஸ் வடக்கே ஏறக்குறைய 56 பாகையில் உள்ளது. கொழும்போ 7 பாகையளவில் உள்ளது. ஆண்டு முழுவதும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணிநேரப் பகலுக்குப் பழகிய கொழும்பு வாசிக்கு, ஆனி மாதத்தில் அங்கே பகல் 17 மணிநேரத்திற்கு மேல் நீடிப்பது வியப்பளிக்கும். இரவு பத்து மணியளவிலும் வெளிச்சம் இருக்கும். மே முதல் செப்ரெம்பர் வரை உகந்த காலம். அவற்றுள்ளும் மே, செப்ரெம்பர் மாதங்களிற் கூட்டம் சற்றுக் குறைவு. கோடையிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகை செல்சியசைத் தாண்டாது. காற்றுக்கும் திடீர் மழைக்கும் ஏற்ற மேலாடையும் நீர் புகாத சப்பாத்தும் இன்றியமையாதன. பலவிடத்தும் நடந்தே ஆடவேண்டியிருத்தலின், புறப்படுமுன் மூன்று திங்களாவது நாள்தோறும் நடந்து பழகுதல் வேண்டும்.

மூன்றாவது பயிற்சி. கொழும்பின் ஈரத்தரையில் உயர்ந்தெழுந்து விழும் பந்து விழுந்த இடத்தருகே நின்றுவிடும். கடலோர மணற்றரையில் அதே பந்து நெடுந்தூரம் உருண்டோடும். உயர எழுந்தால் காற்று அதனைத் திசைமாற்றும். எனவே தாழ அடித்துத் தரையில் உருட்டும் முறையைப் பயிலல் வேண்டும். குளிர்க்கும் மூடுபனிக்கும் பழக விரும்புவோர் நுவரெலியாவில் இரண்டொரு நாள் ஆடிப் பார்க்கலாம்.

நான்காவது முன்பதிவும் பொருளும். விசாவுக்குரிய விண்ணப்பத்தைப் பல வாரங்கட்கு முன்னரே கொழும்பிற் கொடுத்துவிடல் வேண்டும். குழுவினர் அனைவரும் பணத்தை ஒருவர் பொறுப்பில் முன்கூட்டிச் சேர்த்து, வரவு செலவை எழுதி வைத்தல் மனக்கசப்பைத் தவிர்க்கும். சென்ற் அன்றூசின் பழைய வெளியில் ஒருமுறை ஆடுதற்குக் கோடைக்காலக் கட்டணம் 2024 இல் 300 பவுணைத் தாண்டியிருந்தது. ஆயினும் அவ்வெளிக்கு இடம் பெறும் வழிகளுள் ஒன்று நாணயமான குலுக்கல். இருவர் முதல் நால்வர் வரை பெயர் கொடுத்து, ஆடும் நாளுக்கு இரு நாள் முன்னர் விண்ணப்பித்தால், சீட்டு விழுந்தோர் ஆடலாம். பிரபுவாயினும் ஆசிரியராயினும் அக்குலுக்கலில் வேறுபாடில்லை. வெற்றி உறுதியன்மையின், அந்நகரில் நாலைந்து இரவு தங்குமாறு திட்டமிடுதல் அறிவுடைமை. சீட்டு விழாதோர் 1895 இல் அமைந்த புதிய வெளியிலோ, 1897 இல் அமைந்த யூபிலி வெளியிலோ ஆடலாம், அவையும் அதே அறக்கட்டளையின் கீழுள்ளவை, கட்டணமுங் குறைவு.

இனி வழி. எடின்பரோவில் இறங்கி, முதலில் லீத் வெளியைக் காண்க. 1744 இல் ஆட்டத்தின் முதற் பதின்மூன்று விதிகள் எழுதப்பட்டது அங்கேயே. இன்று அது பொதுப்பூங்கா, கொல்ப் ஆடுவாரில்லை. அடுத்து, நகரையண்டிய மசல்பரோவில், குதிரைப்பந்தயத் திடலின் நடுவே ஒன்பது குழிகளையுடைய பழைய வெளியுண்டு. 1874 முதல் 1889 வரை ஆறுமுறை ஓப்பன் போட்டி நிகழ்ந்த அவ்வெளியிற் கட்டணம் சிறிது. பயணத்தைத் தொடங்குதற்கு அதுவே தக்க இடம். கிழக்கே நோர்த் பேர்விக்கிற் பழைய கற்சுவரொன்று ஆட்டவெளியின் குறுக்கே நிற்கும். அதனைக் கடந்தே பந்தைக் குழிக்குச் செலுத்தவேண்டும். அயலிலுள்ள மியூர்பீல்ட் கழகம் வெளியாரை வாரத்திற் சில நாள்களில் மட்டுமே ஏற்கும்.

அதன்பின் சென்ற் அன்றூஸ். அங்கே புகையிரத நிலையம் 1969 இல் மூடப்பட்டமையின், லூக்கர்ஸ் நிலையத்தில் இறங்கி வீதிவழியே செல்லவேண்டும். பழைய வெளியில் முன்னர் 22 குழிகள் இருந்தன. 1764 இல் அவை 18 ஆக்கப்பட்டன. உலகெங்கும் பதினெட்டுக் குழி வழங்குவது அதனைப் பின்பற்றியே. அங்கே ஏழு புற்றரைகள் இவ்விரண்டு குழிகளுக்குப் பொதுவானவை. இவ்விரு குழிகளின் எண்களைக் கூட்டினால் ஒவ்வோரிடத்தும் பதினெட்டு வரும். கெடி எனப்படும் கோல் சுமப்போர் ஒருவரை அமர்த்திக்கொள்ளல் நலம். கண்ணுக்குப் புலனாகாத மணற்பள்ளங்களை அவர் அறிவர்.

அங்கிருந்து வடக்கே கானூஸ்ரி. அதுவும் பொதுவெளியே; கடைசிக் குழிகளிற் பரி என்னும் சிற்றாறு குறுக்கிட்டு வல்லோரையும் கலங்கச் செய்யும். மேற்கே பிரெஸ்ற்விக். 1860 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17 ஆந் திகதி எட்டுப் பேர் மட்டும் கலந்துகொண்ட முதலாவது ஓப்பன் போட்டி அங்கேயே நிகழ்ந்தது. அப்பொழுது அவ்வெளியிற் பன்னிரண்டு குழிகளே இருந்தன. அவற்றை மூன்றுமுறை சுற்றியாடினர். முதலாங் குழியின் வலப்புறம் புகையிரதப் பாதை செல்வதைக் காணும் கொழும்பார்க்கு றிட்ஜ்வே நினைவுக்கு வரும். இன்னும் பல நாள் உள்ளோர் வடகோடியிலுள்ள டோர்னொக் செல்லலாம். பத்து நாட்பயணத்திற்கு அது மிகை.

திட்டமிடுவோர் பலர் தவறவிடுவது ஒன்றுண்டு. பெரும்போட்டி நிகழும் சில நாள்கள் நீங்கலாக, சென்ற் அன்றூசின் பழைய வெளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டமில்லை. அதனை வீணான நாளெனக் கருதி, அன்று வேறூர் செல்வோர் உளர். உண்மையில் அந்த நாளே பயணத்தின் நடுநாளாக அமைதல் வேண்டும். அன்று நகரமக்கள் பிள்ளைகளோடும் நாய்களோடும் அப்புல்வெளியில் உலாவுவர். சுவில்கன் ஓடையின் சிறு கற்பாலத்தில் எவரும் ஏறி நிற்கலாம்; கட்டணமில்லை, சான்றிதழ் வேண்டியதில்லை. குலுக்கலில் தோற்றவனும், கோலைத் தொட்டறியாத துணைவியும், பணம் போதாமையால் ஆட்டத்தைக் கைவிட்டவனும், அவ்வெளியின் முதற்குழி தொடங்கிக் கடைக்குழி வரை நடந்து காணலாம். அருகில் இமாலயா என்னும் பெயருடைய மேடுபள்ளமான சிறு புற்றரை உண்டு. 1867 இற் பெண்டிர் கழகமொன்று அங்கு தொடங்கியது; சிறு கட்டணத்துடன் முதியோரும் சிறுவரும் அங்கே பந்துருட்டி மகிழ்கின்றனர். றோயல் அன்ட் ஏன்சியன்ற் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்க 2014 இலும், மியூர்பீல்ட் கழகம் 2017 இலுமே இசைந்தன. பொதுவெளி எல்லோர்க்கும் இடமளித்த காலத்திலும் கழகக்கதவு அடைத்தே இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று.

கொழும்புக்கும் ஒரு பொதுவெளி உண்டு. காலிமுகத்தில் தேசாதிபதி சேர் ஹென்றி வோட் அமைத்த நடைபாதை 1859 இல் நிறைவெய்தியது. கொழும்பின் பெண்டிர்க்கும் பிள்ளைகட்குமென அதனைத் தமக்குப் பின்வரும் ஆட்சியாளர் காக்கவேண்டுமென்று அவர் கல்லிற் பொறிப்பித்தார். இந்நாட்டிற் கொல்ப் பிறந்ததும் அவ்வெளியிலேயே. இன்று அங்கே பட்டம் விடுவோரும் கடற்காற்று வாங்குவோருமே உளர். ஸ்கொத்லாந்துக்குச் செல்லும் குழுவினர் புறப்படுமுன் ஒரு மாலை அங்கே கூடித் தம் திட்டத்தை ஆராய்தல் தகும். ஒரு சிறு நகரத்தார், சாசனத்தாலும் வழக்காலும் சட்டத்தாலும் பல நூற்றாண்டு போராடித் தம் மணல்வெளியைக் காத்தமையினாலேயே பிறநாட்டார்க்கு அங்கே கால்வைக்க இடமுண்டாயிற்று. அதனை உணர்ந்து செல்வோர் மீண்டு வரும்பொழுது, தம் ஊரின் திடலையும் கடற்கரையையும் காத்தல் தம் கடனென்பதையும் உடன் கொண்டுவருவர்.