மட்டக்களப்புக் கடலில் ஒரு நாசகாரி

போர்ச் செய்திகளின் வழியே தமிழுக்கு வந்த சொற்களுள் 'நாசகாரி' என்பதும் ஒன்று. பெயரைக் கேட்போர் மலைபோன்ற கப்பலையே எண்ணுவர். ஆனால் விக்ரோறியா மகாராணியாரின் ஆட்சியிறுதியில், 1893இல், பிரித்தானியர் நீரில் இறக்கிய முதல் நாசகாரியாகிய 'ஹவொக்' ஏறத்தாழ 240 தொன் எடையே கொண்டது. பெருங்கப்பல்களை நாடிப் பதுங்கிவரும் தொப்பீடோப் படகுகளைத் துரத்தி அழிப்பதே அதன் தொழில். வேகமே அதன் கவசம்.

நீர்வேலி வாசிகசாலையொன்றில் இதனை நான் சொல்லிக்கொண்டிருக்கையில், "அழிக்கப் பிறந்த கப்பல் எப்படி ஐயா அழியும்?" என்று மாணவன் ஒருவன் வினவினான். அதற்கு விடை நமது கீழைக்கடலிலேயே கிடக்கிறது.

1917இல் இங்கிலாந்தின் கௌஸ் துறையில் நீரில் இறங்கிய 'வம்பயர்', 'ஹவொக்'கின் வழித்தோன்றல். இரத்தங் குடிக்கும் பேயின் பெயரை அதற்குச் சூட்டியவரின் சுவையை நான் மெச்சேன். 1933இல் அது அவுஸ்திரேலியக் கடற்படைக்குக் கைமாறிற்று. இரண்டாம் உலகப் போரில் மத்தியதரைக் கடலில் அதுவும் அதன் தோழமைக் கப்பல்களும் உழைத்தபோது, 'பழைய இரும்புக் கூட்டம்' என்று யேர்மனியர் எள்ளி நகைத்தனர். மாலுமிகளோ அப்பெயரையே விருதாக ஏற்றுக்கொண்டனர். 1941 டிசம்பர் 10ஆந் திகதி மலாயாக் கடலில் 'றிப்பல்ஸ்', 'பிறின்ஸ் ஒவ் வேல்ஸ்' என்னும் பெருங்கப்பல்கள் யப்பானிய விமானங்களுக்கு இரையாயின. அவற்றின் மாலுமிகளில் 200க்கும் மேற்பட்டோரை நீரிலிருந்து தூக்கியெடுத்தது இந்தக் கிழட்டுக் கப்பலே.

நான்கு மாதங்கள் சென்றன. திருக்கோணமலைமீது தாக்குதல் வருமென்று அறிந்து, 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் 'வம்பயர்' துணைவரத் துறைமுகத்தை நீங்கிற்று. விமானந்தாங்கியில் அன்று ஒரு போர்விமானமேனும் இல்லை! 1942 ஏப்ரல் 9ஆந் திகதி முற்பகலில் மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானிய விமானங்கள் சூழ்ந்தன. காவல் விமானங்கள் வேளைக்கு வந்து சேரவில்லை. 'ஹேர்மிஸ்' முந்நூற்றுவருக்கு மேற்பட்டோருடன் மூழ்கியது.

அடுத்தது 'வம்பயர்'. அதன் 4 அங்குலப் பீரங்கிகள் கடல்மட்டத்தில் வரும் பகைவனை நோக்கி அமைந்தவை; தலைக்குமேல் பாயும் விமானத்தை நோக்கி நிமிரும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. அம்மாணவனுக்கு நான் கூறிய விடையும் இதுவே. பகைவன் நீரை விட்டு வானேறிவிட்டான். பீரங்கியோ நீரையே பார்த்துக்கொண்டிருந்தது. கப்பல் இரண்டாகப் பிளந்தது. தளபதி மோறன் மாண்டார்.

அருகே சென்றுகொண்டிருந்த 'வீற்றா' என்னும் வைத்தியக் கப்பல், இரு கப்பல்களிலுமிருந்து உயிர்தப்பிய ஏறத்தாழ 600 பேரை ஏற்றிக் கொழும்பில் கொண்டுபோய் இறக்கியது.