எல்லைக் கோடும் உறவும்

பாறசாலையை விட்ட புகைவண்டி குழித்துறையை அடையுமுன் மாநிலம் மாறிவிடுகிறது. பயணச்சீட்டு வழங்கும் நமக்கே அது நினைவில் இருப்பதில்லை.

1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் தமிழர் மாண்டனர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து குமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நம் வீடு இப்புறம். அத்தை வீடு அப்புறம். எனினும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஓயவில்லை. 1979இல் இருப்புப்பாதை திறந்தபின் கோடே மறந்துபோயிற்று.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் வண்டிகள் நின்றன. களியக்காவிளையில் எல்லை அடைபட்டது. அவ்வேளையில் நம் பாட்டியார் காலமானார். நாலைந்து மைல் தொலைவிலிருந்த அத்தையார் பெற்ற தாயின் முகத்தைக் கைப்பேசியில்தான் கண்டு கதறினார். வராத உறவினருக்காகப் பாடையைத் தாங்கியவர்கள் மலையாளம் பேசும் அயலார். இளமையில் எல்லையைப் பற்றி வீறாப்பாய்ப் பேசிய நாம் அன்று நாணினோம்.

மொழியுரிமை வேண்டியதே, அதற்காக உயிர் நீத்தோரை மறவோம். ஆயினும் கோடு நிலத்தோடு நிற்கட்டும், நெஞ்சில் ஏற வேண்டா. அயலூர்களில் வாழும் அன்பர்களே! ஊர் வரும்போது எல்லைக்கு அப்பாலுள்ள உறவினர் வாசலையும் மிதித்துச் செல்லுங்கள். நம் அத்தையார் இன்றும் வழி பார்த்திருக்கிறார்.