பாலைக்குத் திரும்பிய வெண்மான்

விடுமுறை நாட்களில் பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துச் செல்கிறோம். "இந்த உயிர்களை ஏன் அடைத்து வைத்திருக்கிறார்கள்?" என்று அவர்கள் வினவுவதுண்டு. நியாயமான வினாவே. எனினும், அடைத்து வைத்ததனாலேயே அழியாது தப்பிய ஓர் உயிரினத்தின் வரலாற்றையும் அவர்களுக்குக் கூறுங்கள்.

அரேபியப் பாலையின் ஓரிக்ஸ் மானை அரபியர் 'மஹா' என்பர். அதன் வெண்ணிற உடல் வெயிலின் கடுமையைத் தணிக்கும். பல நாட்கள் நீர் அருந்தாமல், செடிகொடிகளின் ஈரத்தைக் கொண்டே அது உயிர் வாழும். பாலைக்கென்றே வல்ல நாயன் படைத்த அம்மான், மோட்டார் வாகனமும் துப்பாக்கியும் பாலைக்குள் நுழைந்தபின் தப்ப வழியற்றுப் போயிற்று. 1972-இல் ஓமானில் எஞ்சியிருந்தவையும் வேட்டைக்கு இரையாயின.

நல்வேளையாக, 1962-லேயே சிலர் விழித்துக்கொண்டனர். ஏடன் பகுதியில் பிடிக்கப்பட்ட மூன்றுடன், லண்டன் மிருகக்காட்சிசாலை ஒன்றையும், குவைத் ஷேக் ஒருவர் ஒன்றையும், சவூதி மன்னர் நான்கையும் அளித்தனர். இவ்வொன்பதும் அமெரிக்காவின் வறண்ட அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் மிருகக்காட்சிசாலையில் ஒரே மந்தையாக வளர்க்கப்பட்டன. நெருங்கிய இரத்த உறவுடையவை இணையாதிருக்க வம்சாவளிப் பதிவேடு பேணப்பட்டது. மந்தை பெருகியதும் வேறு மிருகக்காட்சிசாலைகளுக்கும் பிரித்தனுப்பப்பட்டது. நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பல் நம் நினைவுக்கு வருகிறதல்லவா?

கப்பல் கரை சேர வேண்டுமே! 1978-இல் ஜோர்டானுக்கும், 1980-இல் ஓமானுக்கும் மான்கள் திரும்பின. ஓமானில் அடைப்புக்குள் வைத்து மண்ணுக்குப் பழக்கப்பட்டபின், 1982-இல் பத்து மான்கள் திறந்த பாலையில் விடப்பட்டன. ஹராஸீஸ் குலத்தாரே அவற்றின் காவலர் ஆயினர்.

ஆனால் மனிதனின் பேராசை ஓயவில்லை. 1996-இல் ஏறத்தாழ 450 ஆக இருந்த ஓமான் மான்கள், திருட்டு வேட்டையால் 2007-இல் 65 ஆகக் குறைந்தன. தனியாரிடம் விற்பதற்காக உயிருடன் பிடிக்கப்பட்டவை பல. சரணாலயத்தின் பரப்பையும் அரசு பெரிதும் சுருக்கியதால், அவ்வாண்டே அது உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எனினும் சவூதி அரேபியா உள்ளிட்ட பிற நாடுகளின் முயற்சியால் காட்டில் வாழ்பவை ஆயிரத்தைத் தாண்டின. 2011-இல் இவ்வினத்தின் அபாய நிலை தளர்த்தப்பட்டது.

இஹ்ராம் அணிந்தவருக்குத் தரைவேட்டை விலக்கப்பட்டுள்ளது. மதீனாவின் புனித எல்லைக்குள் வேட்டையாடுவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கையைக் கட்டுப்படுத்தும் அப்பயிற்சி நமக்குப் புதிதன்று. மிருகக்காட்சிசாலை ஓர் இனத்தைக் காத்துத் தரலாம். திரும்பி வந்ததை வாழவிடுவது மனித மனமே. அந்த மனத்தை நம் பிள்ளைகளிடம் இன்றே வளர்ப்போமாக!