பெரும்பான்மை – எதில்?

சென்ற தவணை தரம் 10 மாணவர்களுக்கு ‘இன ஒற்றுமை’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். அநேகமான கொப்பிகள் ‘சிறுபான்மையினராகிய நாம்’ என்றே தொடங்கின. திருத்திக் கொடுக்கும்போது ஒரு பையன் எழும்பிக் கேட்டான்:

“சேர், நம்மட ஊர்ல எங்க பாத்தாலும் நாமதானே இருக்கம். அப்ப என்னத்துக்கு சிறுபான்மை எண்டு எழுதுற?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து, இருபது வருடமாகப் படிப்பித்தும், அந்தச் சொல்லை நான் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. அன்றிரவு அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

‘பால்’ என்றால் பகுதி, பிரிவு. ஆண்பால், பெண்பால், அறத்துப்பால் எல்லாம் அப்படி வந்தவைதான். அதிலிருந்து பிறந்ததே ‘பான்மை’. ஆகவே பெரும்பான்மை என்பது பெரிய பகுதியாக இருக்கும் தன்மை. பகுதி என்றாலே முழுமை ஒன்று இருந்தாக வேண்டும். எந்த முழுமையின் பகுதி என்று சொல்லாதவரை இந்தச் சொல் பாதிச் சொல்தான்.

பழைய உரைகளில் இது மனிதரை எண்ணும் சொல்லாக இருக்கவில்லை. நச்சினார்க்கினியர் போன்ற உரையாசிரியர்கள் ஒரு சொல்வழக்கு அதிகமாக வந்தால் ‘பெரும்பான்மை’ என்றும், அருகி வந்தால் ‘சிறுபான்மை’ என்றும் குறித்தார்கள். சிறுபான்மை என்பதால் அந்த வழக்கைப் பிழை என்று யாரும் தள்ளவில்லை. அதுவும் இலக்கணம்தான், குறைவாக வரும் என்பது மட்டுமே வித்தியாசம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இன்றைக்கு இந்தச் சொல் அதிகம் புழங்குவது தேர்தலிலும் பாராளுமன்றத்திலும்தான். ஆங்கிலத்தில் ‘மெஜோரிட்டி’ என்ற ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. நமது பத்திரிகைகள் அதைப் பிரித்து வைத்திருக்கின்றன. வரவு செலவுத் திட்டம் எத்தனை வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது என்று சொல்ல ‘மேலதிக வாக்குகள்’ என்கிறோம். ஒருவர் சட்டப்படி வளர்ந்தவராவதைப் ‘பராயமடைதல்’ என்கிறோம். 1989ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 21 வயதிலிருந்து 18க்குக் குறைத்தது இந்தப் பராயத்தைத்தான். பாதிக்கு மேல் என்பதற்கே ‘பெரும்பான்மை’ மிஞ்சுகிறது.

அதிலும் ‘எதில்?’ என்ற கேள்வி விடாது. சாதாரணச் சட்டமூலம் ஒன்றுக்கு, அன்று சபைக்கு வந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை இருந்தால் போதும். அரசியலமைப்பைத் திருத்துவதற்கு, வராதவர்களையும் சேர்த்து 225 பேரில் மூன்றில் இரண்டு, அதாவது 150 பேர் வேண்டும். முழுமை மாறினால் கணக்கும் மாறுகிறது.

1977 பொதுத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். வென்ற கட்சிக்குக் கிடைத்தது ஏறத்தாழ 51 வீத வாக்குகள். ஆசனங்களோ 168இல் 140. ‘ஆறில் ஐந்து பெரும்பான்மை’ என்று இன்றும் பேசுகிறோமே, அது ஆசனக் கணக்கு. வாக்குக் கணக்கில் பார்த்தால் நாட்டில் ஏறக்குறைய இரண்டில் ஒருவர் அவர்களுக்கு வாக்களிக்கவில்லை. அடுத்த ஆண்டே புதிய அரசியலமைப்பு வந்தது. அதைக் கொண்டுவரும் பலத்தைக் கொடுத்தது ஆசனக் கணக்குத்தான்.

2024 ஜனாதிபதித் தேர்தலில் முதலாவது எண்ணிக்கையில் முன்னணியில் நின்றவருக்கு 42 வீதத்துக்குச் சற்று மேல். அதிகூடிய வாக்குகள்தான், ஆனால் பெரும்பான்மை அல்ல. அதனால்தான் நமது வரலாற்றில் முதன்முறையாக இரண்டாவது விருப்பு வாக்குகளையும் எண்ண வேண்டி வந்தது. ‘ஆகக் கூடியது’ வேறு, ‘பாதிக்கு மேல்’ வேறு. பேச்சில் நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். எங்கள் ஊர் அம்பாறைக் கரையோரத்தில் இருக்கிறது. ஊரை முழுமையாக எடுத்தால் அவன் சொன்னது சரி, நாமே பெரும்பான்மை. மாவட்டத்தை எடுத்தால், 2012 குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. நாம் ஆகக் கூடிய தொகையினர், ஆனால் பெரும்பான்மை அல்ல. அம்பாறையில் எந்த இனமும் பெரும்பான்மை இல்லை. நாட்டை எடுத்தால், அதே 2012 மதிப்பீட்டின்படி நாம் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக இருந்தோம். பையன் ஒருவன்தான். கோட்டை எங்கே கீறுகிறோம் என்பதைப் பொறுத்து அவன் பெயர் மாறுகிறது.

மார்க்க நூல்களில் இதே கருத்துக்கு ‘ஜும்ஹூர்’ என்ற சொல் இருக்கிறது. அறிஞர்களில் பெரும்பாலோர் என்பது பொருள். கணவாய் சாப்பிடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஷாபிஈ மத்ஹபுக்காரரான நமக்கு அது ஆகும், ஜும்ஹூரின் கருத்தும் அதுவே. கடலில் மீன் மட்டுமே ஆகும் என்பது ஹனபி மத்ஹபின் நிலைப்பாடு. ஆனால் உலகத்தில் அதிகமான முஸ்லிம்கள் பின்பற்றுவது ஹனபி மத்ஹபைத்தான்! மத்ஹபுகளை எண்ணினால் ஒரு விடை, மக்களை எண்ணினால் இன்னொரு விடை. கொழும்பில் ஒரு மேமன் வீட்டு விருந்தில் கணவாய் வைக்கவில்லை என்று யாரும் அவரைக் குறை சொல்வதில்லை. குறைந்த தொகையினரின் கருத்தும் கருத்தாகவே கிதாபுகளில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. உரையாசிரியர்கள் சொன்ன ‘சிறுபான்மை வழக்கு’ போலத்தான்.

‘எதில்?’ என்று கேட்பதை நாம் நிறுத்தும்போதுதான் இந்தச் சொல் கெட்டுப்போகிறது. ‘பெரும்பான்மை இனம்’ என்று பத்திரிகை எழுதும்போது, ஒரு கேள்விக்கு ஒருநாள் எண்ணிய எண்ணிக்கை, ஒரு கூட்டத்தாருக்கு என்றைக்குமான பெயராகிவிடுகிறது. பாராளுமன்றப் பெரும்பான்மை அடுத்த தேர்தலில் மாறலாம். இனப் பெரும்பான்மை அப்படி மாறாது. அரசியலில் தோற்றவருக்கு அடுத்த முறை என்று ஒன்று இருக்கிறது. பிறப்பால் ‘சிறுபான்மை’ ஆனவருக்கு அது இல்லை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியதும் பெரும்பான்மை வாக்கால்தான். எண்ணிக்கையில் பிழையில்லை. எண்ணி முடிவெடுக்கக் கூடாத ஒன்றை எண்ணியதுதான் பிழை.

மறுநாள் வகுப்பில் இவற்றையெல்லாம் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டினேன். பையனுக்கு நல்ல சந்தோசம். மணி அடிக்கும் நேரத்தில், பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து வரும் மூன்று பிள்ளைகளில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்:

“அப்ப இந்த வகுப்பில நாங்க என்ன சேர்?”

என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் நோன்பு முடிந்த கையோடு ‘நமது பெருநாள்’ என்று கட்டுரை கொடுப்பவன் நான். அந்த மூன்று பிள்ளைகளும் எழுதித்தான் தந்திருக்கிறார்கள். நானும் புள்ளி போட்டுத்தான் இருக்கிறேன். அந்த ‘நமது’வில் அவர்கள் இருக்கிறார்களா என்று யோசித்ததில்லை. நாட்டில் எந்த வலியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமோ, அதே வலியை நாற்பது பேர் இருக்கும் ஒரு வகுப்பறையில் நானே கொடுத்திருக்கிறேன்.

இந்த வருடம் தலைப்பை ‘எங்கள் வீட்டுக் கொண்டாட்டம்’ என்று மாற்றினேன். முப்பத்தேழு பெருநாளும் மூன்று தைப்பொங்கலும் வந்தன.