நின்று நின்று ஓடிய படச்சுருள்

அடுத்த முறை பங்சார் எல்.ஆர்.டி. நிலையத்தில் காத்திருக்கும்போது ரயிலைக் கவனியுங்கள். வருகிறது, நிற்கிறது, கதவு திறக்கிறது, மூடுகிறது, பிறகே நகர்கிறது. ஓடும்போது கதவு திறப்பதே இல்லை. பெரிய திரையில் சினிமா பிறந்ததும் இதே விதியால்தான்.

அமெரிக்காவில் எடிசனின் உதவியாளர் டிக்சன் உருவாக்கிய கினெட்டோஸ்கோப் 1894இல் மக்கள் பார்வைக்கு வந்தது. அது ஒரு மரப்பெட்டி. துளை வழியே ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். அதில் படச்சுருள் நிற்காமல் ஓடியது. ஓடும் படம் கலங்கித் தெரியாமலிருக்க, குறுகிய பிளவு வழியே கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகவே ஒளியை விட்டார்கள். அந்த மங்கல் ஒளி பெட்டிக்குப் போதும், திரைக்குப் போதாது.

பிரான்சின் லூயி லூமியேருக்கு வழிகாட்டியது தையல் இயந்திரம்! வீட்டில் இருந்தால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஊசி துணிக்குள் இருக்கும்போது துணி அசையாது. ஊசி மேலேறியதும் அடியிலுள்ள பற்கள் துணியை ஒரு தையல் தூரம் தள்ளும். லூமியேரின் கருவியில் இரு கொக்கிகள் சுருளின் ஓரத் துளைகளில் நுழைந்து, ஒரு படத்தின் அளவுக்கு இழுத்துவிட்டு விலகும். படம் நிற்கும்போது ஒளி பாயும். நகரும்போது சுழலும் தகடு ஒளியை மறைக்கும். கைப்பிடியை நொடிக்கு 2 சுற்று சுற்றினால் 16 படங்கள். மீதியை நம் மூளை இணைத்துக்கொள்ளும்.

1895 டிசம்பர் 28ஆம் தேதி, பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். ஒவ்வொரு சுருளும் சுமார் 17 மீட்டர். ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும்!

கையால் சுற்றுவதால் மோட்டார் தேவையில்லை. மின்சாரம் இல்லாத ஊர்களில் சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் காய்ச்சி வெளிச்சம் உண்டாக்கினார்கள். அதனால்தான் சினிமா இவ்வளவு வேகமாகக் கடல் தாண்டியது. 1905இல் திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், நோயுற்ற டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சுருள்களையும் 2,250 ரூபாய்க்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டு, கூடாரத்துடன் ஊர் ஊராகக் கிளம்பினார். பர்மா, மலாயா வரை அந்தப் பயணம் நீண்டது. இந்தப் பக்கம் ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலம் அது. பங்சார் என்ற பெயரே பங்கே, கிரிசார் என்ற தோட்ட முதலாளிகள் இருவரின் பெயர்களை ஒட்டியது என்பார்கள்.

துணிச்சலான தொழில்தான். அன்றைய சுருள் நைட்ரேட் செல்லுலாயிட். எளிதில் தீப்பற்றும், பற்றினால் அணைப்பது கடினம். கைப்பிடியைச் சுற்றுபவர் சற்றே நிறுத்தினாலும் விளக்கின் சூடு முழுவதும் ஒரே படத்தில் விழும். லூமியேர் இதற்கு அழகான தீர்வு வைத்திருந்தார். விளக்கின் முன் நீர் நிரப்பிய உருண்டைக் கண்ணாடிக் குடுவை. அது ஒளியைக் குவிக்கும், வெப்பத்தையும் உறிஞ்சும். குடுவை உடைந்தால் ஒளி குவியாது, சுருளும் தப்பும்.

வின்சென்ட் 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டினார்.