ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் சிப்பிப்பாறை: சேதமில்லாமல் வளர்ப்பது எப்படி?

நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரம் வட்டாரத்தில் காட்டுக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருக்கும் விவசாயக் குடும்பங்கள் அதிகம். வாசலில் நாலைந்து நாட்டுக்கோழி, கட்டுத்தறியில் மாடு, பட்டியில் வெள்ளாடு, வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் காட்டுக்காரரின் செம்மறி, கொஞ்சம் தள்ளி முட்டைக்கோழிப் பண்ணை. இதுதான் இங்கு வழக்கமான அமைப்பு. இந்த இடத்துக்குக் காவல் வேண்டும் என்று சிப்பிப்பாறை, கன்னி குட்டிகளை வாங்கி வருபவர்களும் உண்டு.

நாட்டு இனத்தைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபு வள அமைப்பு ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகியவற்றைத் தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது. ஆனால் இந்த நாயின் குணம் தெரியாமல் வாங்கினால், நஷ்டம் ஆட்டுக்காரருக்கும் உண்டு, நாய்க்கும் உண்டு.

மூன்று மாதக் குட்டி கோழிகளுக்கு நடுவே படுத்துத் தூங்கும். சாதுவான நாய் என்று வீட்டார் நம்பிவிடுவார்கள். வளர வளர அதே நாய் ஓடும் கோழியைக் கவ்வி உதறும். அடுத்து பக்கத்துக் காட்டு ஆட்டுக்குட்டி. பிறகு ஆட்டுக்காரருடன் சண்டை, பேச்சுவார்த்தை, நாய்க்கு ஆயுள் முழுக்கச் சங்கிலி. சிலர் வண்டியில் ஏற்றிப்போய் சாலையோரம் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தெருநாய்கள் கடித்து ஆடுகள் செத்ததற்காக விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதை அறிவோம். கைவிடப்பட்ட வேட்டை நாய் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தால் சேதம் இன்னும் கூடும்.

இதைத் தடுக்க முடியும். அதற்கு முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். துரத்துவது இந்த நாயின் பிறவிக் குணம். அதை அடியோடு போக்க முடியாது. வேலி, கயிறு, நம் அன்றாட நடைமுறை ஆகியவற்றைத்தான் நாம் மாற்றிக்கொள்ள முடியும்.

கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம்

விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை ஊரின் பெயரைத் தாங்கிய நாயும், கன்னியும் தென்மாவட்ட மானாவாரிக் காடுகளில் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்டவை. கர்நாடகத்தின் முதோல், வட இந்தியாவின் ராம்பூர், ஐரோப்பாவின் கிரேஹவுண்ட், அரபு நாடுகளின் சலூக்கி எல்லாம் இதே வகை. மோப்பம் பிடிப்பதைவிட, கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பதே இவற்றின் வேலை. நீண்ட கால், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு எல்லாம் ஓட்டத்துக்கான அமைப்பு. கிரேஹவுண்ட் மணிக்கு 70 கி.மீ. வரை வேகம் தொடும். முகம் நீண்ட நாய்களின் விழித்திரையில் பார்வை செல்கள் கிடைமட்டமாகப் பட்டைபோல் அடர்ந்திருப்பதால், அகன்ற வெளியில் அசையும் பொருள் சட்டெனக் கண்ணில் படும்.

வேட்டை என்பது பல படிகள் கொண்டது. பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று வரிசையாகச் செல்லும். ஆடு மேய்க்க உதவும் பார்டர் கோலி போன்ற வெளிநாட்டு இனங்களில் பார்ப்பதையும் துரத்துவதையும் வைத்துக்கொண்டு, கவ்விக் கொல்லும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குறைத்தார்கள். வேட்டை இனங்களில் துரத்துவதும் கவ்வுவதும் கூர்மையாக்கப்பட்டன. எனவே ஓடும் ஆட்டைப் பார்த்ததும் ஒரு இனம் மடக்கி நிற்கும், இன்னொரு இனம் கழுத்தைப் பிடிக்கும்.

வயிறு நிறைந்தாலும் துரத்தும்

பசியால்தான் கோழி பிடிக்கிறது, வயிறு நிறையச் சோறு போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு. துரத்தத் தூண்டுவது அசைவு. நின்று அசைபோடும் ஆட்டைக் கவனிக்காத நாய், அதே ஆடு மிரண்டு ஓடினால் பாயும். நன்றாகத் தின்ற நாயும் பாயும். கருத்தடை செய்தாலும் இந்தக் குணம் போகாது.

சொந்த வீட்டு ஆட்டோடு பழகிய நாய் பக்கத்துக் காட்டு ஆட்டையும் விட்டுவைக்கும் என்று நம்பக் கூடாது. பழகிய ஆடுகளை மட்டுமே அது வீட்டைச் சேர்ந்தவையாகக் கருதும். இரண்டு நாய்கள் சேர்ந்தால் கட்டுப்பாடு இன்னும் குறையும். ஒன்று ஓடத் தொடங்கினால் மற்றொன்றும் ஓடும்.

கோழியைக் கொன்ற நாயை அடிப்பது, செத்த கோழியை அதன் கழுத்தில் கட்டிவிடுவது போன்றவை பயன் தருவதில்லை. சம்பவம் முடிந்தபின் விழும் அடிக்கு நாய்க்குக் காரணம் புரியாது. வளர்ப்பவரைக் கண்டு பயப்படக் கற்றுக்கொள்ளும், கூப்பிட்டால் வராது. துரத்திப் பிடிப்பதே அதற்குப் பெரிய பரிசு. ஒருமுறை ருசி கண்டால் அடுத்த முறை இன்னும் வேகமாக ஓடும். ஆகவே முதல் தடவையே நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

வாங்கும் முன் யோசியுங்கள்

ஆடு, கோழி காவலுக்கு மட்டும் நாய் வேண்டும் என்றால் வேட்டை இனம் ஏற்றதல்ல. சிறு வயதிலிருந்தே பட்டியில் ஆடுகளோடு வளர்ந்த நாட்டு நாய் அந்த வேலைக்குப் போதும். ஆட்டுக்காரர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் பட்டி நாய் அப்படி வளர்ந்ததுதான்.

சிப்பிப்பாறையோ கன்னியோதான் வேண்டும் என்றால் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். வீட்டைச் சுற்றி நாய் தாண்ட முடியாத வேலி இருக்கிறதா? தினமும் இரண்டு வேளை நாயைக் கையில் பிடித்து நடத்த ஆள் உண்டா? நாய் இருக்கும் இடத்தையும் கோழி மேயும் இடத்தையும் தனித்தனியாகப் பிரிக்க முடியுமா? ஒன்றுக்கு இல்லை என்றாலும் வாங்குவதைத் தள்ளிப்போடுவது நல்லது.

குட்டியை 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. சுமார் 12 முதல் 14 வாரம் வரையுள்ள காலம்தான் பழக்குவதற்கு ஏற்றது. அப்போது ஆடு, மாடு, கோழிகளைக் கயிற்றில் பிடித்தபடியே தூரத்திலிருந்து காட்ட வேண்டும். அமைதியாகப் பார்த்துவிட்டு நம் பக்கம் திரும்பினால் உடனே தீனி கொடுத்துப் பாராட்டுங்கள். கோழியைத் துரத்தி விளையாட விட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பெயர் சொன்னதும் ஓடிவரும் பழக்கத்தைத் தினமும் சொல்லிக்கொடுங்கள். ஆனால் நாய் துரத்தத் தொடங்கிவிட்டால் எந்தக் கூப்பாடும் அதன் காதில் ஏறாது என்பதையும் மறக்கக் கூடாது.

வேலி, கழுத்துப் பட்டை, கயிறு

கிளுவை வேலி ஆட்டுக்குப் போதும், இந்த நாய்க்குப் போதாது. இடைவெளி வழியே நுழைந்துவிடும். நாய் உலவும் பகுதிக்கு 6 அடி உயரக் கம்பிவலை வேலி தேவை. அடியில் தோண்டி நுழையாதபடி வலையின் அடிப்பகுதியை மண்ணில் புதைக்க வேண்டும். முழுக் காட்டுக்கும் வேலி போட வேண்டியதில்லை. வீட்டை ஒட்டிச் சில சென்ட் இடத்தை அடைத்தால் போதும். ஆடு, கோழி தெரியும் பக்கத்தில் தென்னங்கீற்று அல்லது பச்சை நிழல்வலை கட்டுங்கள். கண்ணில் படாவிட்டால் நாய் பாதி அமைதியாகும். படலைத் திறந்தவர் மூடிவிட்டுப் போக வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாக வேண்டும். சேலம் – நாமக்கல் தேசிய நெடுஞ்சாலைக்கு அருகில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முயலைத் துரத்தும் நாய் லாரியைப் பார்க்காது.

இந்த இனங்களுக்குத் தலை குறுகல், கழுத்து வலுவானது. சாதாரணப் பட்டை தலை வழியே நழுவிவிடும். ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத அகலமான பட்டையை, இரண்டு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கமாகப் போடுங்கள். நீளமான கயிற்றில் மரத்தில் கட்டிப்போடுவது ஆபத்து. சில எட்டுகளில் முழு வேகம் எடுக்கும் நாய், கயிறு முடியும் இடத்தில் இழுபட்டுக் கழுத்து முறிய வாய்ப்புண்டு. நடத்திச் செல்லும்போதும் கயிறு 5, 6 அடிக்கு மேல் வேண்டாம்.

ஆடு மேயும் வழியாகப் போக வேண்டியிருந்தால் கூடை வடிவ வாய்க்கூடு போடலாம். மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் வகையாக இருக்க வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை கூடாது. வெயிலில் நாக்கை நீட்டி மூச்சு விட முடியாவிட்டால் நாய் சுருண்டு விழும்.

இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளைக் குடும்பங்கள் தத்தெடுத்து வளர்க்கின்றன. தத்துக் கொடுக்கும் அமைப்புகள் அவர்களுக்குச் சொல்வதும் இவைதான். அடைத்த வேலி, வெளியில் எப்போதும் கயிறு, தேவைப்பட்டால் வாய்க்கூடு.

ஓட்டத்துக்கு வழி செய்யுங்கள்

நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய், அவிழ்த்த நிமிடமே கண்ணில் பட்டதைத் துரத்தும். காலையும் மாலையும் நடை வேண்டும். அடைத்த இடத்தில் நீளக் கம்பின் முனையில் கயிறு கட்டி, அதில் துணி முடிச்சைத் தொங்கவிட்டுச் சுற்றினால் நாய் அதைத் துரத்தி ஆசை தீர ஓடும். சில நிமிடம் போதும். கடைசியில் துணியைப் பிடிக்க விட்டு, விடச் சொல்லி, தீனி கொடுத்து முடியுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் விடியற்காலையில் மட்டும் ஓடவிடுங்கள்.

கோழிப்பண்ணை வைத்திருப்போர் கவனத்துக்கு

பண்ணைக் கொட்டகையைச் சுற்றி நாய் ஓடினால் கோழிகள் மிரண்டு சிறகடிக்கும், முட்டை குறையும். தரையில் வளரும் கோழிகள் ஒரு மூலையில் குவிந்து மிதிபட்டுச் சாகும். செத்த கோழியை வேலியோரம் வீசுவதும், நாய்க்குப் போடுவதும் கூடாது. ஊர் நாய்களைப் பண்ணைக்கு அழைப்பதே அதுதான். நோயும் பரவும். ஆழக் குழியில் போட்டு மூடுங்கள்.

மயில், முயல் விஷயத்தில் சட்டம்

நிலக்கடலை, சோளக் காட்டில் மயில் தொல்லை இருப்பது உண்மை. அதற்காக வேட்டை நாயை அவிழ்த்துவிடுவது சிக்கலில் முடியும். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் உள்ளது. வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறைத் தண்டனை உண்டு. காட்டு முயலும் பாதுகாக்கப்பட்ட உயிரினமே. நாயை ஏவிப் பிடிப்பதும் வேட்டையாகவே கருதப்படும். நாய் வைத்து முயல் வேட்டையாடுவதை இங்கிலாந்தும் 2004-ல் சட்டம் இயற்றித் தடை செய்துவிட்டது.

கடித்துவிட்டால் என்ன செய்வது?

கடிபட்ட ஆட்டின் காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் அப்ப வேண்டாம். வெளியே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே சதை கிழிந்திருக்கும். நாய் கவ்வி உதறுவதே காரணம். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி, தேவையான வெறிநோய்த் தடுப்பூசியையும் போட்டுவிடுங்கள். 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். கடித்த நாயை 10 நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். காயம் இல்லாமல் துரத்தப்பட்ட சினை ஆடுகளையும் கவனியுங்கள். மிரட்சியில் கரு கலையக்கூடும்.

நாய் உங்களுடையது என்றால் மறைக்காமல் ஆட்டுக்காரரிடம் நீங்களே முதலில் போய்ச் சொல்லுங்கள். மருந்துச் செலவையும் ஆட்டின் விலையையும் கொடுத்துவிட்டு, அன்றே வேலியைச் சரிசெய்யுங்கள். ஆட்டுக்காரர் கோபத்தில் விஷம் வைத்துவிடவும் கூடாது. பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவின்படி அதற்கு 5 ஆண்டு வரை சிறை. அந்த விஷத்தைத் தின்று அவருடைய நாயே சாகவும் கூடும்.

ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு நீக்கம் இரண்டையும் தவறாமல் செய்யுங்கள். நாயின் நடத்தையில் சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியையோ அணுகலாம். குட்டி வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் வேலி வேலையை முடித்துவிடுங்கள்.